108-க்கு எப்போது அழைப்பது, அழைத்தால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? செட்டிநாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சில வருடங்கள் இரவுப் பணி பார்த்தவன் நான். இப்போது காரைக்குடிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். தெருவில் ஆச்சிமாரும், விடுமுறைக்கு வரும் அவர்கள் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

108, 112, 100, 101 என்று இத்தனை எண்கள். எதைத்தான் அழைப்பது?

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் 108. தீப்பிடித்தால், கிணற்றிலோ ஊருணியிலோ ஆள் விழுந்தால் 101. திருட்டு, அடிதடி, மிரட்டல் என்றால் 100. கை நடுங்குகிறது, எந்த எண் என்று யோசிக்க முடியவில்லையா, 112 போதும். நாடு முழுவதற்கும் பொதுவான எண் அது. எடுப்பவர் கேட்டுவிட்டு உரிய துறைக்குத் தகவலைத் தள்ளிவிடுவார். ஆனாலும் மாரடைப்பு என்று கண்ணுக்குத் தெரியும்போது நேரே 108-ஐ அழையுங்கள். ஒரு கை மாறுகிற நேரம் மிச்சம்.

மற்றவை: சமையல் எரிவாயு கசிந்தால் 1906. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181. இணையத்தில் பணம் பறிபோனால் 1930. இந்தக் கடைசி எண்ணைப் பெரியவர்கள் வீட்டுத் தொலைபேசிப் பக்கத்தில் கட்டாயம் எழுதி வையுங்கள். இப்போதெல்லாம் பாம்பைவிட அந்த மோசடிப் பேச்சுகள்தான் இங்கே வீட்டுக்குள் அதிகம் வருகின்றன.

நான் 108 அடித்தால் காரைக்குடி ஆஸ்பத்திரியில் மணி அடிக்குமா?

பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை இது. எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் சென்னையில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். எடுக்கிற பெண்ணுக்கோ பையனுக்கோ கானாடுகாத்தான் என்றால் ஒரு திரையில் உள்ள பெயர், அவ்வளவுதான். அரண்மனை வீடு எங்கே, செட்டிநாடு ரயில் நிலையம் எங்கே என்று அவர் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

அங்கே இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் உங்களோடு பேசி, ஊர், அடையாளம், என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி என்று தட்டச்சு செய்வார். இன்னொருவர் முன்னால் வரைபடம் இருக்கும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது சும்மா இருக்கிறது, எது நோயாளியோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். சாலை வழியாக எது சீக்கிரம் வந்து சேரும் என்று பார்த்து அதை அனுப்புவார். வண்டியில் ஓட்டுநர் ஒருவர் (108-காரர்கள் அவரை ‘பைலட்’ என்பார்கள்), முதலுதவி தெரிந்த மருத்துவ உதவியாளர் ஒருவர். வழியில் சிக்கல் என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் அவர் போனில் ஆலோசனை கேட்பார்.

உயிர் போகிற நேரத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, வண்டியை அனுப்பிவிட்டுக் கேட்கக் கூடாதா?

என்னை அதிகம் பேர் திட்டியது இதற்காகத்தான். ஊரும் என்ன ஆபத்து என்பதும் பதிவானதுமே வண்டிக்குச் சொல்லும் வேலை பக்கத்து மேசையில் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் வருகிறவர்கள் என்ன சாமானோடு இறங்க வேண்டும், நீங்கள் அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதற்காக. “மூச்சு விடுகிறாரா?” என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான், எந்த வண்டி, எவ்வளவு அவசரம் என்பது முடிவாகும்.

அதனால் ஒருவரே பேசுங்கள். பின்னால் நாலு பேர் கத்தினால் மறுமுனையில் ஒன்றும் விளங்காது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினால் கை சும்மா இருக்கும். அவர் “வைத்துவிடலாம்” என்று சொல்லும்வரை வைக்காதீர்கள்.

வைத்த பிறகு, தயவுசெய்து, அந்தப் போனை யாருக்கும் அடிக்காதீர்கள். நம் ஊரில் 108-ஐ வைத்த அடுத்த நொடியே மதுரையில் இருக்கும் மாமாவுக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கும் அடித்து அழ ஆரம்பித்துவிடுவோம். அதே நேரத்தில் ஓட்டுநர் தெருமுனையில் நின்று உங்கள் எண்ணுக்கு அடித்துக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேறு போனை எடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு எப்படி வழி சொல்வது?

இங்கேதான் செட்டிநாடு மற்ற ஊர்களைப் போல இல்லை. ஒரு இரவு எனக்கு வந்த அழைப்பு நினைவிருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, நம் பக்கம்தான்.

“எந்த வீடு ஆச்சி?”

“நம்ம வீடுதான் தம்பி.”

“சரி ஆச்சி, எந்தத் தெரு?”

“முகப்பு ஒரு தெருவு, பின்கட்டு ஒரு தெருவு. அவுக பின்கட்டுலதான் விழுந்து கெடக்காக.”

“வீட்டுக்கு அடையாளம் ஏதாவது?”

“எல்லாருக்கும் தெரியுமே, மூணெழுத்து விலாசம்...” என்று தலைப்பெழுத்துகளைச் சொன்னார்.

நான் இந்தப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்குப் புரிந்தது. வேறு யாராவது எடுத்திருந்தால்? ஊருக்குள் வீட்டுக்கு அந்தத் தலைப்பெழுத்துதான் பெயர், கதவிலக்கம் யாருக்கும் தெரியாது. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வண்டி முன்வாசலில் வந்து ஹாரன் அடித்தால் பின்கட்டில் இருப்பவர் காதில் விழாது. ஆள் உள்ளே ஓடி வந்து, இரண்டு ஆள் உயரக் கதவைத் தாழ் திறந்து, திண்ணைப் படி ஏறி ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதுங்கள். முதலில் மாவட்டம். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை. ராயவரம், அரிமளம், திருமயம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை. அடுத்து வட்டம், அப்புறம் ஊர். வெறுமனே கொத்தமங்கலம் என்றால் கானாடுகாத்தான் பக்கத்துக் கொத்தமங்கலமும் உண்டு, ஆலங்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலமும் உண்டு. மாத்தூரும் அப்படித்தான்: கோயில் மாத்தூர் ஒன்று, திருச்சி போகிற வழியில் தொழிற்பேட்டை மாத்தூர் ஒன்று. “பக்கத்தில் பெரிய ஊர் எது” என்று கேட்பது இதற்காகவே.

அதன் பிறகு, வெளியூர்க்காரர் இரவில் பார்த்தாலும் தெரிகிற அடையாளம்: சிவன் கோயில், ஊருணி, ரேஷன் கடை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. “பழைய தபாலாபீஸ் இருந்த இடம்” என்பது நமக்கு அடையாளம், ஓட்டுநருக்கு அல்ல. கடைசி வரியாக, வண்டி எந்தத் தெருவில், எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். என் யோசனை கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பின்வாசல்தான் நல்லது. படி குறைவு, ஆட்கள் புழங்குவதும் அங்கேதான். முகப்பு பார்க்க அழகு, அவசரத்துக்கு அதுவே தடை.

பிள்ளைகள் சிங்கப்பூரில், அம்மா மட்டும் இங்கே. அங்கிருந்து 108 அடிக்கலாமா?

அடித்தால் போகாது. இந்த மூன்றிலக்க எண்கள் எல்லாம் நீங்கள் நிற்கிற மண்ணுக்குத்தான். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் என்றால் 995, மலேசியாவில் 999. அவர்களுக்குக் கானாடுகாத்தானுக்கு வண்டி அனுப்ப வழியில்லை. வெளிநாடு மட்டுமல்ல, பெங்களூரில் இருந்துகொண்டு கைப்பேசியில் 108 அடித்தாலும் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். அவர்களுக்குப் புரியவைத்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும்.

நடக்கக்கூடிய வழி ஒன்றுதான். அதே தெருவில் மூன்று பேருடைய எண்கள் உங்கள் போனில் இருக்க வேண்டும். எதிர்வீடு, மளிகைக் கடை, வேலைக்கு வரும் அக்கா, யாராயினும் சரி. மூன்று ஏன் என்றால் ஒருவர் ஊரில் இருக்க மாட்டார், ஒருவர் போனை எடுக்க மாட்டார். அவர்களில் ஒருவரை உள்ளூரிலிருந்து 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறை திரும்ப அழைக்கிற எண்ணும் வீட்டு வாசலில் நிற்பவருடையதாக அமையும். சாவி ஒன்று அவர்களிடமும் இருக்கட்டும். தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, உள்ளே தாழிட்டுக்கொண்டு ஆச்சி மயங்கிவிட்டால் அதை உடைக்கத் தீயணைப்புத் துறைதான் வர வேண்டும். தனியாக இருப்பவர்கள் இரவில் உள்தாழ் போடாமல் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக மாற்றிக்கொள்வது நல்லது.

எதற்கெல்லாம் தயங்காமல் அழைக்க வேண்டும்?

நெஞ்சு இறுக்கம், அதோடு வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. “வாயுப் பிடிப்பு” என்று சொல்லிப் பூண்டும் பெருங்காயமும் கொடுத்து விடியும்வரை காத்திருந்த வீடுகள் எத்தனை! சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக மாரடைப்பு வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்க 2023-இல் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. ஆக, அருகில் சின்ன ஆஸ்பத்திரிதானே என்று ஒதுக்க வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது: பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். புறாவின் இரத்தத்தைத் தேய்க்கச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விழுதல். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மழைச் சாரல் வளவுக்குள் அடித்த நாளில் அதே கல்லில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்களும் நிறைய. விழுந்தவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ, வெளியே காயம் இல்லையே என்று சும்மா இருக்க வேண்டாம்.

பாம்பு. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நாகமோ கண்ணாடி விரியனோ கடித்தால் கடித்தது தெரியும், வீங்கும். கட்டுவிரியன் அப்படியில்லை. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் கண் இமை தூக்க முடியாமல் சரியும், நாக்குக் குழறும். தரையில் படுத்தவர் ஒருவர் இப்படிச் சொன்னால் நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியைச் சந்தேகப்படாமல் 108-ஐ அழையுங்கள், “பாம்பாக இருக்கலாம்” என்றும் சொல்லுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

பிரசவ வலி, வலிப்பு, தீக்காயம், நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது: இவற்றுக்கு விளக்கமே வேண்டாம். மருந்து குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைப் பையில் போட்டு வண்டியிலேயே கொடுத்துவிடுங்கள்.

சின்ன விஷயத்துக்கு அழைத்துவிட்டால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள். சந்தேகம் என்றால் அழைப்பதே சரி. ஆனால் இரண்டு நாள் காய்ச்சல், எந்த மாத்திரை எப்போது போடுவது, ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனைக்குப் போக வண்டி போன்றவற்றுக்கு அது இல்லை. மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் கொண்டுவிட 102. இறந்தவர் உடலை 108 ஏற்றாது. அதற்கு இலவச அமரர் ஊர்தி தனியாக, 155377. நம் பகுதிக்கு இருக்கிற வண்டிகள் கை விரல்களில் எண்ணக்கூடியவை. ஒன்று வீணாகப் பள்ளத்தூர் போனால், புதுவயலில் இன்னொருவர் காத்திருப்பார்.

மூச்சே இல்லை என்றால் வண்டி வரும்வரை என்ன செய்வது?

கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். கோரைப்பாயில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் மறு கை. முழங்கையை மடக்காமல் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. போன் ஸ்பீக்கரில் பக்கத்தில் கிடக்கட்டும், மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்லச் செய்யலாம். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து மெதுவாகத் தடவிக் கொடுப்பதில் பயனில்லை.

இன்னொருவர் தெருமுனைக்கு டார்ச்சோடு போய் நிற்கட்டும். நாயைக் கட்டுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகள் ஒரு பையில். நான் பார்த்தவரை, காகிதம் தேடிப் பெட்டகத்தைக் கலைத்துக்கொண்டு வண்டியை நிற்கவைத்த வீடுகள்தான் அதிகம். அட்டை கிடைக்கவில்லை என்றால் பிறகு கொண்டு போகலாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? பணம் கேட்பார்களா?

108 முழுக்க இலவசம், ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், டீச்செலவும் வேண்டாம். ஆளின் நிலைக்கு ஏற்ற வசதி அருகில் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். நம் பக்கம் பெரும்பாலும் காரைக்குடி அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிகள், அதற்கும் மேலே மதுரை. “நேரே மதுரைக்கே விடுங்கள்” என்று ஓட்டுநரோடு சண்டை போடுவதைப் பார்க்கிறேன். மதுரை சுமார் 90 கி.மீ. அவ்வளவு தூரம் தாங்குகிற நிலைக்கு ஆளைக் கொண்டுவருவதுதான் அருகில் உள்ள மருத்துவமனையின் வேலை.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கும்.

நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்காக அழைத்தால், என்னைக் கேஸில் இழுப்பார்களா?

இந்தப் பயத்தால் திருமயம் சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் பிடித்து வைக்கக் கூடாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். அழைக்கும்போது எந்தத் திசையில் போகிற சாலை, அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி என்று சொல்லுங்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் கதண்டு (விஷக் குளவி) கூடு. அது அவசரமா?

நிச்சயமாக. ஆள் இல்லாத மேல்மாடத்தில் பானை அளவுக்குக் கட்டியிருக்கும். நாலைந்து கதண்டு கொட்டினாலே ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சு அடைக்கும். நீங்களே பந்தம் கொளுத்த வேண்டாம், பழைய மர உத்தரத்தில் பிடித்தால் வீடே போகும். 101-க்குச் சொன்னால் இருட்டிய பிறகு வந்து எடுப்பார்கள். கொட்டுப்பட்டு முகம் வீங்கினால் 108.

சிராவயல் மஞ்சுவிரட்டு, குன்றக்குடித் தைப்பூசம் மாதிரி கூட்டத்தில்?

ஆம்புலன்ஸை அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். போன் போகாவிட்டால் அருகில் நிற்கும் காவலரிடம் சொல்லுங்கள், வேகமாக நடக்கும். வண்டிக்கு வழி விடாதவருக்கு ரூ.10,000 அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. தேர்த்தெருவில் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது; நாலு இளவட்டங்கள் முன்னால் ஓடி வழி பிரித்தால் போதும்.

பேரன் போனை வைத்து விளையாடும்போது தானாக 112 போய்விட்டது. கட் செய்துவிட்டேன். சரியா?

கட் செய்யாதீர்கள். பல போன்களில் பவர் பொத்தானை மூன்று தடவை அழுத்தினாலே போய்விடும். யாரும் பேசாமல் துண்டித்தால் ஆபத்தில் இருக்கிறீர்களோ என்று திரும்ப அழைப்பார்கள். “தவறுதலாகப் போய்விட்டது, இங்கே எல்லோரும் நலம்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு வையுங்கள்.

வண்டி வர நேரமானதால் எங்கள் காரிலேயே கிளம்பிவிட்டோம். வேறு ஏதாவது செய்யணுமா?

உடனே 108-க்குத் திரும்ப அடித்துச் சொல்லுங்கள். வந்துகொண்டிருக்கும் வண்டி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். சில நேரம் அது கோட்டையூர் தாண்டிவிட்டிருக்கும். நீங்கள் வழியில் ஓரிடத்தில் நின்று அதிலேயே மாற்றிவிடலாம், உள்ளே ஆக்சிஜன் இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இருவரும் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு, எடுக்காத எண்ணுக்கு மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு நிற்பார்கள்.